வங்குரோத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது

அந்த வீட்டு வாசலில் ஒரேயொரு படிதான். மனைவி அதில் ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறிப் பார்த்தாள். "இது காணும் எனக்கு" என்றாள். உள்ளே போய் அறைகளைக்கூட அவள் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நாங்கள் இருந்தது மொன்ட்ரியால்-நோரில், மூன்றாம் மாடியில். இந்த நகரத்தில் படிகளை வீட்டுக்கு வெளியே வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். பனி உறைந்தால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கவேண்டும். அவளுடைய முழங்கால் சத்திரசிகிச்சைக்குச் செப்டம்பரில் நாள் தந்திருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் படிகளை நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தூக்கிக்கொண்டு ஏற ஆளில்லை.

இந்த ஒற்றைப்படி வீடு வில்லரேப் பகுதியில், கீழ்த்தளம். வீட்டுச் சொந்தக்காரர் ஒரு இத்தாலியக் கிழவர், மேலே குடியிருந்தார். எங்களுடைய கடன் வரலாற்றை, கிரெடிட் றிப்போட்டை, பார்ப்பதற்கு அனுமதி கேட்டு ஒரு தாளை நீட்டினார். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். பயமே இல்லை. ஏழு வருடம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்வதென்றால் கடையைச் சொல்லவேண்டும். இங்கே தெப்பனர் என்று சொல்வார்கள், மூலைக்கடை. முன்பக்கம் பால், பியர், லொத்தர் சீட்டு. பின்பக்கம் எங்கள் சனத்துக்காக ஒடியல் மா, கருவேப்பிலை. முருங்கையிலை வரும் நாளில் ஒரு அம்மா கார்ட்டியர்வில்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவா. வந்து, இலை வாடிப்போச்சு என்று என்னை ஏசிவிட்டு, இருக்கிற கட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு போவா. பிறகு பக்கத்தில் பெரிய சுப்பர்மார்க்கெட் வந்தது. கிரெடிட் கார்ட்டில் சாமான் எடுத்தேன். அந்தக் கார்ட்டைக் கட்ட இன்னொரு கார்ட். கடைசியில் கடனைக் கட்ட வழியில்லை என்று கையெழுத்துப் போட்டு வங்குரோத்து. எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, புற்றுநோயைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்துவார்கள்.

கோயில் மடப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: "ஏழு வருசம் அண்ணை. அதுக்குப் பிறகு றிப்போட்டிலயிருந்து உது தானாய் அழிஞ்சுபோம்." கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன். நாங்கள் திவசத்தை அப்படித்தானே எண்ணுவோம், உயிர் போன நாளிலிருந்து? கடையின் உயிர் போனது அன்றைக்கு. ஏழாவது வருடம் முடிந்ததும் மனைவி மோதகம் அவித்தாள்.

அந்தத் தைரியத்தில்தான், குளிர்காலத்தில் பழைய வீட்டுக்காரர் ஒப்பந்தம் புதுப்பிக்கும் தாளை அனுப்பியபோது, நாங்கள் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் உடனே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு இளம் சோடி. ஒருநாள் பார்க்க வந்தார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குசினி அலுமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தார்கள். யூலை முதலாம் திகதி அந்த வீடு அவர்களுடையது.

நான் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்ட கிழமையே இத்தாலியர் தொலைபேசி எடுத்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான். ஆனால் வங்குரோத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஃபயித்' என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அதை இரண்டுதரம் சொன்னார். வேறொருவரும் வீட்டைக் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"றிப்போட்டில இன்னும் நிக்குதாம்."

"ஏழு வருசம் எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"ஏழுதான்."

"அப்ப ஏன் நிக்குது? நாங்கள் ஆனியில எங்கை போறது?"

அவள் கேட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

என் வங்குரோத்தைப் பொறுப்பெடுத்து நடத்திய ட்ரஸ்டியின் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். தமிழ் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல்: "வணக்கம், சொல்லுங்கோ."

குரலைக் கேட்டதும் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். வங்குரோத்தானவர்கள் காசைக் கையாள்வது பற்றி இரண்டு ஆலோசனை வகுப்புக்குப் போகவேண்டும். முதல் வகுப்பில் எனக்கு மொழிபெயர்க்க வந்தவள் இவள்தான். மனைவியின் ஊர்க்காரி, அதே ஒழுங்கை. என்னைக் கண்டதும் "நீங்கள் அக்காவின்ர அவரெல்லே?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இரண்டாம் வகுப்புக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்றேன். பிறகு வேறு சாட்டுகள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லி, விளங்கியும் விளங்காமலும் அந்த வகுப்பில் இருந்துவிட்டு வந்தேன்.

நான் யாரென்று தெரிந்தும் அவள் அந்தப் பழைய கதையை எடுக்கவில்லை. உள்ளே கேட்டு வந்து சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் வங்குரோத்துப் போட்ட நாளிலயிருந்து எண்ணிறதில்லை. உங்களை அதிலயிருந்து விடுவிச்ச நாளிலயிருந்துதான் எண்ணிறது. றிப்போட் வைச்சிருக்கிறது ரெண்டு கொம்பனி. முதல்தரம் வங்குரோத்தான ஆளெண்டா, இங்கை கியூபெக்கில ஒரு கொம்பனி ஆறு வருசம் வைச்சிருக்கும், மற்றது ஏழு."

"என்னை எப்ப விடுவிச்சது?"

"ரெண்டு வகுப்பும் முடிச்சிருந்தா ஒன்பது மாசத்தில விட்டிருப்பினம். உங்களுக்கு ரெண்டரை வருசம் எடுத்திருக்கு."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது மாதத்தில் விட்டிருந்தால் ஒரு கொம்பனியிலாவது இப்போது அழிந்திருக்கும்.

"அண்ணை, நிக்கிறியளோ?"

"ஓம் பிள்ளை. நீர் ஊரில சொல்லிப்போடுவீர் எண்டுதான் அப்ப நான் வரேல்லை."

அவள் சிரித்துவிட்டாள். "இந்தக் கந்தோருக்கு வராத ஆளில்லை. நான் வாயைத் திறந்தா, அண்ணை, கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆள் இராது."

பிறகு, ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு என்றும், வீட்டுக்காரரோடு தான் கதைப்பதாகவும் அவளே சொன்னாள்.

ஞாயிறு நானும் மனைவியும் அந்த ஊர்க்காரியும் இத்தாலியரின் குசினியில் இருந்தோம். மாடிப்படி ஏறியதில் மனைவிக்கு மூச்சு வாங்கியது. நான் கடையைப் பற்றிச் சொன்னேன், ஊர்க்காரி பிரெஞ்சில் சொன்னாள். கிழவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாடகை எப்போதாவது பிந்தியிருக்கிறதா என்று கேட்டார். கடை மூடிய மாதத்தில்கூடப் பிந்தவில்லை என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினமாம்" என்றாள் அவள் எனக்கு மெதுவாக.

கிழவர் எங்கள் பழைய வீட்டுக்காரரின் நம்பரைக் கேட்டு, எங்கள் முன்னாலேயே அழைத்தார். அந்த மனுசனோடு நான் வெந்நீர்த் தாங்கிக்காக எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். கிழவர் 'வி, வி' என்று ஆமோதித்தார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். மனைவி மேசைக்குக் கீழே என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் ஏதோ சொன்னார்.

"அண்ணை பெரிய கரைச்சல்காரனாம்" என்றாள் அவள். "ஆனா வாடகை ஒருநாளும் பிந்தினதில்லையாம்."

"அப்ப?"

"பொறுங்கோ, சொல்லி முடிக்கட்டும்."

கிழவர் மனைவியின் காலைக் காட்டி, எப்போது ஒப்பரேசன் என்று கேட்டார். செப்டம்பர் என்றோம். தலையை ஆட்டினார். எழுந்துபோய் ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

எனக்குக் கண் கலங்கியது. மனைவிக்கு ஒன்றும் கலங்கவில்லை. "பிள்ளை, குளிக்கிற இடத்தில பிடிக்க ஒரு கம்பி போட்டுத் தருவாரோ எண்டு கேளும்" என்றாள்.

"முதல்ல அண்ணை கையெழுத்து வைக்கட்டும் அக்கா!"

"இல்லை, இப்பவே கேளும். பேந்து மாட்டன் எண்டுவார்."

ஊர்க்காரி கேட்டாள். கிழவர் யோசித்தார். சுவரில் எந்த உயரத்தில் வேண்டும் என்று மனைவியிடம் கையால் காட்டிக் கேட்டார். மனைவி எழுந்து நின்று, தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினாள்.