வில்ஃப்ரட் கெடுத்த சிலிண்டர்

ராச்டேல் ஊரில், குட்டி நீராவி எஞ்சின்கள் செய்யும் எங்கள் சங்கத்தில் நவம்பர் கூட்டம் என்றால் உடைசல் மேசைதான். அந்த ஆண்டு பட்டறையில் எதைக் கெடுத்தோமோ அதைக் கொண்டுவந்து வைத்து, எப்படிக் கெடுத்தோம் என்று நின்று சொல்ல வேண்டும். யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது, சிரிக்கத்தான் வேண்டும். படுமோசமாகக் கெடுத்தவருக்கு ஓட்டைத் தேநீர்க் கெண்டி பரிசு. ஒரு வருடம் எங்கள் உறுப்பினர் நார்மன் எஞ்சினின் கொதிகலனை மூடிப் பற்றவைத்து முடித்துவிட்டு, தன் இரும்பு ஸ்கேலை வீடெல்லாம் தேடினார்; அது கொதிகலனுக்குள் கிடந்தது. கெண்டி அவருக்குத்தான்.

வில்ஃப்ரட் என்ட்விசில் மட்டும் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெறுங்கையோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து எங்களைக் கிழிகிழி என்று கிழிப்பார். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், கை தப்பாது.

"நார்மன், உன்ன லேத் பக்கம் விட்டவன உதைக்கணும்டா."

அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, எரிச்சல் அதைவிட அதிகம். ஒரு தடவையாவது சறுக்கமாட்டாரா என்று காத்திருந்தேன்.

போன நவம்பரில் அவரே எழுந்துபோய் மேசையில் ஒரு வெண்கல சிலிண்டரை வைத்தார். நான்கு மாத வேலை. கடைசித் துளை கோணலாக இறங்கிச் சிலிண்டரின் சுவரைப் பிய்த்திருந்தது.

"கை நடுங்குதுப்பா. இனிமே கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொல்றாரு."

ஒருவரும் சிரிக்கவில்லை. நார்மன் மெதுவாக, "பரவாயில்ல வில்ஃப்," என்றார்.

"உன் ஸ்கேலுக்கு நான் பரவாயில்லன்னா சொன்னேன்? இன்னைக்கு மட்டும் எதுக்குடா எல்லாருக்கும் எழவு வீட்டு மூஞ்சி? நான் சங்கத்து ஆளா, நோயாளியா?"

கோட்டை மாட்டப் போனார். கை சட்டென்று நுழையவில்லை. இப்போது போனால் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்தது.  எழுந்து நின்று கத்தினேன்.

"நில்லுங்க வில்ஃப்! இத்தன வருஷம் எங்களக் கிழிச்சீங்க. ஒரு ஓட்டைய நேராப் போடத் தெரியல, அதுக்கு டாக்டர் சீட்டு வேறயா?"

 முதலில் சிரித்தவர் வில்ஃப்ரட்தான். பிறகு எல்லோரும்.

வாக்கெடுப்பில் கெண்டி மறுபடியும் நார்மனுக்கே போயிற்று. எஞ்சினுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று அவர் அந்த வருடம் இரண்டு சிலிண்டர் செய்ய வேண்டியிருந்தது; செய்தது இரண்டுமே இடப்பக்கத்துக்கு. நானும் அவருக்குத்தான் கை தூக்கினேன்.

வில்ஃப்ரட் மேசையைத் தட்டினார்.

"அநியாயம்! அடுத்த வருஷம் பாருங்கடா. இதவிட மோசமாக் கெடுத்துட்டு வரேன்."

கெடுப்பார் என்று எங்களுக்குத் தெரியும். வயிறு வலிக்கச் சிரித்தோம்.