பறக்கிற தட்டானைப் படமெடுத்த டில்லிபாபு

டில்லிபாபு கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். வீடு எம்.கே.பி. நகரில் என்றாலும், பகலெல்லாம் கழிவது எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், முன்னால் நிற்கும் வண்டியின் முதுகைப் பார்த்தபடி. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். டில்லிபாபு தட்டானைப் படமெடுப்பார்.

காமிரா அவர் மனைவி ரமாபாயுடையது. பல வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு நாக்பூர் தீட்சா பூமிக்குப் போனபோது ரமாபாய் ஆசைப்பட்டு வாங்கியது. செல்போன் வந்ததும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. ஒருநாள் சாலையோரத் தண்ணீரில் கோரைப்புல்லுக்கு மேலே பறந்த சிவப்புத் தட்டானை டில்லிபாபு போனில் எடுத்து வந்து காட்டினார். ஒரு புள்ளிதான் தெரிந்தது.

"இன்னாயா இது, போன்ல கீறல் வுழுந்துகீதா?" என்றார் ரமாபாய்.

டில்லிபாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காமிரா அவரோடு வண்டி ஏறியது.

புல்லில் உட்கார்ந்த தட்டான் சீக்கிரமே படத்தில் விழுந்தது. பறக்கிற தட்டான்தான் படுத்தியெடுத்தது. பழைய காமிரா நிதானமானது. பட்டனை அமுக்கினால் சற்று யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் தட்டான் போயிருக்கும். வெறும் வானம், வெறும் புல், ஒரே ஒருமுறை பாதி வால்.

அதே கம்பெனியில் வண்டி ஓட்டும் ராயபுரத்து சுஃபியானுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "இன்னா மாமு, ஆகாசத்துக்கு ஆதார் கார்டு போட்டோ எடுத்துகினு கீறியா?" என்பார்.

டில்லிபாபு விடவில்லை. பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. தட்டான் இஷ்டத்துக்குப் பறப்பதில்லை. தன் எல்லையைச் சுற்றி வந்து, ஒரு குறிப்பிட்ட கோரையின் நுனிக்கு மேலே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறது. மறுபடியும் அங்கேயே வருகிறது. அப்படியானால் அதைத் துரத்த வேண்டாம். கோரை நுனியைக் காமிராவில் தெளிவாக்கி, பட்டனைப் பாதி அமுக்கியபடி காத்திருந்தால் போதும். அது வந்து நிற்பதற்கு ஒரு நொடி முன்பே முழுதாக அமுக்கிவிட வேண்டும்.

ஐப்பசியில், இரண்டு மழைக்கு நடுவே சுள்ளென்று வெயில் அடித்த ஒரு பகலில் அப்படிக் காத்திருந்தார். பின்னால் ஆரன்கள் கத்தின. அந்தச் சாலையில் ஆரன் எப்போது கத்தவில்லை? தட்டான் வந்தது. அமுக்கினார்.

திரும்பிப் பார்த்தால் வண்டியைக் காணோம்.

சாலையில் ஏறி ஓடினார். வெகுதூரம் தள்ளி வரிசையில் அவர் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் தன் வண்டியில் சாய்ந்து, சட்டை நனைய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் சுஃபியான்.

"உன் வண்டிய இட்டாந்து வுட்டுட்டு, திரும்பி ஓடிப்போய் என் வண்டிய எடுத்தாந்தேன். பின்னாடி கீறவன்லாம் கண்டபடி திட்றான். பேஜாரா பூட்ச்சி மாமு! உனுக்குத் தட்டான் கேக்குதா?"

டில்லிபாபு காமிராவை நீட்டினார். சுஃபியான் உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். அனல்மின் நிலையப் புகைபோக்கி பின்னால் மங்கலாய் நிற்க, நான்கு இறக்கையும் விரிந்து, காற்றில் தட்டான் நின்றது.

"கால இன்னாமா மடக்கி வச்சிகினு கீது பாரு..." சுஃபியானின் குரல் இறங்கிவிட்டது. "சோக்கா கீது மாமு. எனுக்கும் ஒண்ணு குடு."

வீட்டில் ரமாபாய் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஞாயித்துக்கெயம என்னியும் இட்டுகினு போ" என்றார்.

எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு இருவரும் பைக்கில் போனார்கள். காமிரா ரமாபாய் கையில். டில்லிபாபு பக்கத்தில் நின்று, "இப்ப அமுக்கு... ஐயே, பூட்ச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்றத்துக்குள்ள அது மீஞ்சூருக்கே போய்டும். கம்முனு இரு" என்ற ரமாபாய், தன் இஷ்டத்துக்கு அமுக்கினார். படத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பறக்கும் இரண்டு தட்டான்கள், கொஞ்சம் கலங்கலாக.

"உன்து ஒண்ணு. என்து ரெண்டு."

திருவொற்றியூர் தாண்டும்வரை பைக்கின் பின்னாலிருந்து அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.