சாயங்காலம் மட்டும் குனிகிற மருமகள்

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். காலையில் குளித்ததும் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மாமனார் மாமியாரைச் சேவிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். எனக்கோ எழுந்திருக்கும்போதே இடுப்பும் முதுகும் பலகை வைத்துக் கட்டினாற்போல இருக்கும். பாதி குனிந்து, அதற்குமேல் முடியாமல், கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வேலை செய்யச் செய்ய வலி விட்டுவிடும். பத்து மணிக்குமேல் தண்ணீர்க்குடம் தூக்குவேன். சாயங்காலம் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறுவேன். வந்தது வினை. காலையில் குனியாதவள் சாயங்காலம் ஓடுகிறாளென்றால் அது வலியா என்ன, திமிர் என்றார் மாமியார். என் கணவர் பாவம், ரெஸ்ட் எடு என்று படுக்கச் சொன்னார். படுத்து எழுந்தால் இன்னும் மோசமாகும். அதற்கும் திட்டு எனக்குத்தான். கோபம் கோபமாக வரும்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. கடைசியில் மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "டாக்டர் ஒண்ணுமில்லேன்னு சொல்லட்டும், அன்னிக்கே உறையூர்லேந்து உங்கப்பாவை வரச் சொல்றேன். அழைச்சிண்டு போகட்டும்." நான் பொய் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள, டவுன் பஸ்ஸில் கூடவே கிளம்பிவிட்டார்.

டாக்டர் என்னிடம்தான் கேட்டார், "எப்பங்க வலிக்குது?" பதில் சொன்னது மாமியார்.

"காத்தாலே ஒம்பது மணி வரைக்கும் குனிய மாட்டா டாக்டர். அப்புறம் ஜோரா குனிவா. சினிமாவுக்குப் போய் மூணு மணி நேரம் உக்காந்துட்டு எழுந்தாலும் நொண்டுவா. ஒரு நாள் வலது பக்கம், மறுநாள் இடது பக்கம். வேஷம் போடறதுலயும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

டாக்டர் எழுதிக்கொண்டே போனார்.  பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார். "முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டுல அழற்சிங்க. அசையாம இருந்தா இறுகிக்கும், நடமாடினா விடும், பக்கம் மாறி மாறி வலிக்கும். நீங்க சொன்னது அத்தனையும் இந்த வியாதியோட அடையாளம்தான். இவ்வளவு கச்சிதமா யாரும் எங்கிட்ட சொன்னதில்லை."

 எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பல்லைக் கடித்து அடக்கினேன். மாத்திரையோடு தினமும் செய்ய உடற்பயிற்சியும் எழுதிக்கொடுத்தார் டாக்டர்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. மாமியார் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "வலிக்கறதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"சொன்னேம்மா. முதல் நாள் காத்தாலயே உங்ககிட்டதான் சொன்னேன்."