கைபிடியில் சந்தனம்

மோட்டார் சைக்கிளின் கைபிடியை உயர்த்தினால், அந்த மாற்றம் வாகனப் பத்திரத்தில் பதியப்படும்வரை தெருவில் ஓட்டக் கூடாது என்பது விதி. சுவிஸின் பேர்ண் நகரில் முப்பது வருடங்கள் ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். எனக்குத் தெரியாததல்ல.

ஓய்வு பெற்றதும் வாங்கிய வண்டி அது. ஆயிரம் சிசி, நூற்றெண்பது குதிரைவலு. முதல் கியரிலேயே நெடுஞ்சாலையின் வேக எல்லையான நூற்றிருபதைத் தாண்டிவிடும். மீதி ஐந்து கியர்களும் இந்த நாட்டில் அலங்காரத்துக்குத்தான். பிரேக்குக்கு இரண்டு விரல் போதும். ஒரே குறை, பெற்றோல் தாங்கியின் மேல் படுத்தபடி ஓட்ட வேண்டும். கோயிலில்கூட நான் அவ்வளவு குனிந்ததில்லை. முதுகு மறுத்ததால் கைபிடிக்கு அடியில் அலுமினியத் துண்டுகள் வைத்து உயர்த்தினேன். ஒக்டோபர் கடைசியில் பனி விழுந்து பாதையை மூடுமுன், ஆல்ப்ஸ் மலையின் கிரிம்சல் கணவாயை ஒருமுறை ஏறிவிட வேண்டும். அந்த வருடம் வேறு ஆசை இல்லை.

பதியும்வரை ஓட்டக் கூடாத வண்டியை மச்சானின் வேனில் ஏற்றிக் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனோம்.

"இஞ்சேரப்பா, கைபிடியிலையும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கோ. நீங்கள் பிடிக்கிறது அதைத்தானே," என்றாள் மனைவி.

ஐயர் அடியிலிருந்த துண்டுகளையும் மூடுமளவு தாராளமாகவே சந்தனம் வைத்தார். மாலையோடு வண்டி அழகாக இருந்தது. மாற்றத்தைப் பதிய வாகன அலுவலகம் கேட்டிருந்த படத்தை அங்கேயே எடுத்து அனுப்பினேன். துண்டில் பொறித்த இலக்கம் தெரியவில்லை என்று கடிதம் வந்தது. சந்தனத்தைத் துடைத்து மறுபடி எடுத்து அனுப்பினேன். முதற்படத்தில் மஞ்சளாக இருந்த பாகம் இப்போது வெள்ளியாக இருக்கிறதே, பாகத்தை மாற்றினீர்களா என்று அடுத்த கடிதம்.

மனைவி சிரித்து முடிக்க நேரமெடுத்தது. "ஊராற்ற படிவமெல்லாம் பிழையில்லாமல் நிரப்பினீங்கள். உங்கட ஒண்டைச் சந்தனம் பூசி அனுப்பிப்போட்டியள்."

"சந்தனம் எண்டா என்னெண்டு இவங்களுக்கு எப்பிடி எழுதுறது?"

"மணக்கும் எண்டு எழுதுங்கோ."

இரண்டு பக்கம் எழுதினேன். மணத்தையும் சேர்த்தேன். பிறகு தினமும் தபால்பெட்டியையும் மலைவானிலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் அப்படியே போனது.

விளக்கம் ஏற்கப்பட்டது, மாற்றம் பதியப்பட்டது, மணம் அனுமதிக்குத் தடையல்ல என்று பதில் வந்தபோது கணவாய் இன்னும் திறந்தே இருந்தது. அன்று ஒக்டோபர் ஒன்பதாம் திகதி.