இருபத்து நாலு வோல்ட் கம்ப்ரசர்

பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் யாரும் போனில் ‘வெடிச்சிருச்சு’ என்று சொல்ல மாட்டார்கள். டயராக இருந்தால் ‘போயிருச்சு’ என்போம். இருபது வருடமாக லாரி ஓட்டுகிற எனக்கு இது தெரியாததல்ல. புத்தி புல் மேயப் போன நேரம், வாய் முந்திக்கொண்டது.

அன்று ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு லோடு. “போனை வாசல்ல குடுத்துட்டுக் கம்பெனிக்குள்ள போறேன்” என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். பின்பக்க டயர் ஒன்றில் காற்று குறைவாக இருந்தது காலையிலேயே தெரியும். பக்கத்தில் காற்றடிக்கக் கடை கிடையாது. மெயின் ரோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பல். லோடோடு வெளியே வந்து இரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, டமார். வீட்டுக்குப் போன் போட்டு, “வெடிச்சிருச்சு, வர லேட்டாகும்” என்றேன். அவளுக்குக் கேட்டது முதல் வார்த்தை மட்டும். அதற்குள் சிக்னல் போய்விட்டது. அது தெரியாமல் நான் சாவகாசமாக ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால், பக்கத்து வீட்டு அக்கா எடுத்தார்.

“தம்பி, நல்லா இருக்கீகளா! அவ போனக்கூட எடுக்காம சிவகாசி பெரியாஸ்பத்திரிக்கு ஓடிட்டாளே!”

அவள் கம்பெனிக்குப் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு. வெடி விபத்தென்றால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். நான் லாரியைத் திரும்பக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன். தீக்காய வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. “ஒத்த டயருக்குக் காத்தடிக்க வக்கில்லையா?” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் காற்றடிக்கிற கம்ப்ரசர் வாங்க லாரியிலேயே விருதுநகர் போனோம். என்னை நம்பாமல் கூடவே வந்தாள். கடை அண்ணாச்சி சின்னதாக ஒன்றைக் காட்டினார். கையடக்கம், பளபளப்பு, லைட் வேறு எரிந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

“அண்ணாச்சி, இது பின் டயர் வரைக்கும் எட்டுமா?” என்றாள் அவள்.

“காருக்குள்ளதும்மா. லாரிக்கும் அடிக்கும், என்ன, கொஞ்சம் நேரமாகும்.”

“எம்புட்டு நேரம்? வண்டி வாசல்லதான நிக்குது, அடிச்சுக் காட்டுங்க.”

பத்து நிமிடத்தில் அது கொதித்துப்போய் நின்றது. மீட்டர் முள் அசையவே யோசித்தது. அண்ணாச்சி முனகிக்கொண்டே உள்ளே போய், லாரி பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுகிற இருபத்து நாலு வோல்ட் மெஷினைத் தூக்கி வந்தார். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை, நல்ல கனம். பத்து மீட்டர் ஓஸ் குழாய். நிற்காமல் நூற்றுப்பத்து பவுண்டு வரை ஏற்றியது. அவள் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள்.

“இதுவே இருக்கட்டும். கிளிப் மாட்டயில பொறி வருது பாருங்க. கம்பெனிப் பக்கம் வச்சு மாட்டிறாதீக, வீட்ல இருந்து கிளம்பயிலயே அடிச்சிருங்க.”

மெஷினைக் கேபினில் ஏற்றும்போது, தூசி படக்கூடாதென்று தன் பையிலிருந்து என் பழைய வேட்டி ஒன்றை எடுத்து அதைச் சுற்றினாள்.

“இத எதுக்குப் பைக்குள்ள வச்சிருக்க?”

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு ஓடுனது. துவைச்சு நைஞ்ச வேட்டின்னா தீப்புண்ணுல ஒட்டாதுல்ல” என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டாள்.

நான் சாவியைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.