பென்சில் மட்டுமே அனுமதி

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். விழுப்புரம் பக்கம் செங்கல் சூளையில் கல் அறுத்த குடும்பம் எங்களுடையது. சூளைக்குப் பின்னால் ஒரு புளியமரம், அந்திக்கு மேல் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள், நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் படித்தேன், ஏனென்றால் அங்கேதான் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, அம்மா, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாருமே கைநாட்டு. இன்று நான் மாண்ட்ரியலில் ஆவணக் காப்பகத் துறையில் முதுகலை படிக்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், அதற்காக நான் வெட்கப்படுவதில்லை.

படிப்போடு சேர்ந்த வேலையாக எனக்குக் கிடைத்தது ரோஸ்மோன் பக்கம் ஓர் உக்ரேனியச் சங்கக் கட்டடத்தின் அடித்தளம். அகதிகளாக இந்த ஊருக்கு வந்து இங்கேயே இறந்துபோனவர்களின் காகிதங்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவற்றைப் பிரித்து, பட்டியல் போட்டு, அமிலம் இல்லாத உறைகளில் வைக்க வேண்டும். கதவிலேயே ஒரு பலகை தொங்கும்: பென்சில் மட்டுமே அனுமதி. பேனாவை வெளியே ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். மை ஒரு சொட்டு விழுந்தாலும் எடுக்க முடியாது என்பதால் அந்த அறையில் மை என்ற பொருளே கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த பெட்டி ஒரு பழைய செருப்புப் பெட்டி. பரஸ்கா என்ற அம்மாளுடையது. போர்க்காலத்தில் சிறு பெண்ணாக இருந்தபோதே ஜெர்மனிக்கு வேலைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்; அங்கே சட்டையில் தைத்துக்கொள்ளச் சொன்ன அடையாளத் துணி வில்லைகூடப் பெட்டியில் இருந்தது. போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினால் எதிரிக்கு வேலை செய்தவள் என்று தண்டிப்பார்கள் எனப் பயந்து அகதி முகாமிலேயே தங்கி, அங்கே கல்யாணம் செய்து, கப்பலேறி இங்கே வந்து, தையல் தொழிற்சாலையில் முதுகு வளைந்து, சொந்த ஊரை மறுபடி பார்க்காமலே இறந்தவர். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, காகிதங்களில் இருந்து நானே தெரிந்துகொண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. முகாம் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

என் தப்பு இங்கேதான். ஒருவர் தன் காகிதங்களை எந்த ஒழுங்கில் வைத்திருந்தாரோ அந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது, இது எங்கள் துறையின் முதல் பாடம். ஆனால் ஒழுங்கே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் நாமே அடுக்கலாம். பரஸ்கா நூலால் கட்டி வைத்திருந்த காகிதக் கட்டுக்குள், மருத்துவப் பரிசோதனை அட்டைக்குக் கீழே கப்பல் சீட்டு, அதற்குக் கீழே பேருந்துச் சீட்டு, நடுவில் பின்பக்கம் எதுவும் எழுதாத புகைப்படங்கள். படிக்கத் தெரியாத அம்மாள், கைக்குக் கிடைத்ததைக் கட்டி வைத்திருக்கிறார் என்று நானே முடிவு செய்தேன். கட்டியிருந்த சிவப்பு நூலைக் கத்தரித்தேன். காகிதங்களைத் தேதி வாரியாகவும், படங்களைத் தனி உறையிலும் வைத்தேன். முப்பத்தேழு உருப்படிகள். பழைய வரிசையைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை என் படிப்பின் மேல்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை பரஸ்காவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். ஹலீனா என்று பெயர், எழுபது வயதைத் தாண்டியவர். அவருக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, இரண்டு வயதில் முகாமிலேயே காய்ச்சலில் இறந்திருக்கிறான். அந்தப் புதைகுழி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் அம்மாவின் கல்லறைக் கல்லிலேயே அவன் படத்தையும் பதிக்கப் போகிறாராம். கல் வேலை செய்பவர் வியாழன் மதியம் வரை காத்திருப்பார், அதை விட்டால் வசந்த காலம்தான், அதற்கு முன் ஹலீனாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

"நான் அந்தக் கட்டைத் திறந்ததே இல்லை. அம்மா விடமாட்டார்" என்றார். "ஆனால் ஒன்று சொல்லியிருக்கிறார். உன் அண்ணன் அவனுடைய காகிதத்தின் மேலேயே படுத்திருக்கிறான் என்று. அந்தக் காகிதத்தின் மேல் இருக்கும் படம்தான். நாளை பத்து மணிக்கு வருகிறேன்."

உறையில் சின்னப் பையன்களின் படங்கள் ஐந்து இருந்தன. முகாமில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் பிரிந்து போகும்போது பிள்ளைகளின் படங்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்களாம். ஐந்தும் ஒரே புகைப்படக்காரர் எடுத்தது, ஒரே அளவு, ஒரே நாற்காலி. யார் யாருடைய பிள்ளை என்று சொல்லக்கூடியது அந்த வரிசை ஒன்றுதான், அதை நான் கலைத்துவிட்டேன். அன்று மாலை வரை ஒவ்வொரு படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ரொக்ஸ்பரோவில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு வனஜா அக்காவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், அவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவர். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ பிள்ளை, அதை ஏன் குழப்பினனீ?" என்று கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கட அகதிக் கேஸ் நேரம் என்ர பேப்பர் ஒண்டை லோயர் இடம் மாத்தி வைச்சிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாஸ்டர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இது விளங்கேல்லையோ?"

"இப்ப என்னக்கா பண்றது?"

"நாளைக்கு அந்த மனுசியிட்ட உண்மையைச் சொல்லு. ஏசினால் ஏச்சை வாங்கு. ஆரோ ஒருத்தற்ற பிள்ளையை மட்டும் தூக்கிக் குடுத்துப்போடாதை."

அதுதான் எனக்கும் பயம். ஐந்தில் ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரவெல்லாம் அந்த எண்ணம் வந்து வந்து போனது, மறைக்காமல் சொல்கிறேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை, வெளிக்கதவை என் சாவியால் திறந்து உள்பக்கம் பூட்டிக்கொண்டேன். பனி விழுந்து முடிந்து நல்ல வெயில், அடித்தளத்தின் சின்ன ஜன்னல் வழியாகச் சாய்வாக வெளிச்சம் வந்தது. மேஜை மேல் முப்பத்தேழையும் பரப்பி வைத்தேன். அந்த நேரத்தில் தினமும் அம்மா வீடியோவில் கூப்பிடுவாள், ஊரில் அப்போது மாலை, சூளையில் இருந்து வந்து குளித்திருப்பாள்.

"இன்னாடி மூஞ்சி இப்டி வீங்கிக் கெடக்கு? அழுதியா?"

சொன்னேன்.

"எனக்கும் இதேதானடி பண்ண" என்றாள் அம்மா. "ஒம்பதாவது படிக்கும்போது எம் பையில இருந்ததெல்லாம் எடுத்து பிளாஸ்டிக் ஃபைல்ல அழகா அடுக்கிக் குடுத்த. தாலுகா ஆபீஸ்ல ரேஷன் கார்டக் கேட்டாங்க, நான் உன் தடுப்பூசி அட்டய நீட்டினேன். அத்தினி பேரும் சிரிச்சாங்க."

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அம்மாவின் துணிக்கடைப் பையில் எந்தக் காகிதம் எங்கே என்று அவள் விரலுக்குத் தெரியும், இருட்டில்கூட எடுப்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவள், இந்தப் பெட்டியைப் பார்த்து ஒழுங்கே இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

"படிக்காதவ அடுக்குனா மேல இருக்கிறது கேக்குறவங்களுக்கு, அடியில இருக்கிறது நமக்கு" என்றாள் அம்மா. "போன மேஜ பக்கம் திருப்பு, பாக்கலாம்."

விளக்குத் தண்டில் போனைச் சாய்த்து, கேமரா மேஜையைப் பார்க்கும்படி வைத்தேன். நீலக் கையுறையை மாட்டிக்கொண்டேன். அம்மா சொல்ல ஆரம்பித்தாள், அடியில் இருந்து.

"அந்தப் பழுப்புத் தாளு, ரவுண்டா முத்திர வச்சது, அத வையி. அதுக்கு மேல ஒரு பையன் படம். இல்ல, அவன் இல்ல. இரு… ம், அந்தக் கோவக்காரப் பையன். இப்போ ஒரு துணி வில்லை இருக்குதே, அது. இரு, இரு. ஆங், அந்த நீட்டுக் காயிதம்."

நம்பினால் நம்புங்கள், முப்பத்தேழையும் சொன்னாள். தடுமாறவில்லை. நடுநடுவே 'இரு' என்று நிறுத்துவாள், யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேலே வர வர எனக்கே புரிந்தது: கேட்டவுடன் காட்ட வேண்டிய குடியுரிமைக் காகிதம் மேலே, பிறகு வேலை, பிறகு கப்பல், பிறகு முகாம், யாருக்கும் காட்டத் தேவையில்லாத பிள்ளை எல்லாவற்றுக்கும் அடியில்.

அடித்தாளை எடுத்துப் பார்த்தேன். இவாஸ் என்ற குழந்தைக்கு முகாமில் ஞானஸ்நானம் செய்த சான்று. அதன் மேலிருந்த படத்தைத் திருப்பி ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். பின்பக்கத்தில் மிக மங்கலாக ஒரு வளைவு. சான்றில் இருந்த வட்ட முத்திரையின் மை, எத்தனையோ வருடம் அழுந்திக் கிடந்ததில், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறிப் படிந்திருந்தது. வைத்துப் பார்த்தேன், மயிரிழை தப்பாமல் பொருந்தியது. மற்ற நான்கையும் அதே வெயிலில் பார்த்தேன். எதுவும் இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், இந்த முறை நிம்மதியில்.

"எப்டிம்மா கண்டுபிடிச்ச?"

"நான் எங்கடி கண்டுபிடிச்சேன்? அந்தம்மாதான் தொட்டுத் தொட்டுக் காட்டுச்சே. அது கை வச்சதத்தான் நான் சொன்னேன்."

"எந்தம்மா?"

"உன் எதுருல நின்னுச்சே. மூஞ்சி தெரியல, கை மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. வயசான கை."

"அது என் கைம்மா."

"நீ நீலமா என்னமோ மாட்டியிருந்த. எனக்குக் கண்ணு தெரியாதா? அது வெறுங்கை. கட்டவெரல்ல மை கூட இருந்துச்சு. பேங்க்ல வச்சிட்டு வந்தா இருக்குமே, அந்த மை. தலையில தொடச்சிக்கோன்னு சொல்லலாம்னு பாத்தேன், அதுக்கு நம்ம பாஷ தெரியாதேன்னு உட்டுட்டேன். நீயாவது ஒரு துணி குடுத்திருக்கலாம்ல, படிச்ச பொண்ணு."

மேஜைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தேன். சுவரும் அலமாரியும்தான் இருந்தன. ஆச்சரியம் என்னவென்றால் எனக்குப் பயமே வரவில்லை.

பத்து மணிக்கு ஹலீனா வந்தார். முதலில் என் தப்பைச் சொன்னேன், நூலைக் கத்தரித்தது முதல். முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார். பிறகு முத்திரை படிந்திருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். யார் வரிசை சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் படத்தைத் திருப்பி, முகத்துக்கு அருகில் கொண்டுபோனார்.

"இவனா? இவ்வளவு கோபக்காரனா!" என்று சிரித்தார், சிரிப்பிலேயே கண் நிறைந்துவிட்டது. "இப்படி முறைக்கிறவன் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அம்மா இதே முறைப்போடுதான் எனக்குச் சூப் ஊற்றுவார்."

நகல் எடுத்துக் கொடுத்தேன். கல் வேலைக்காரரிடம் நேரத்துக்குப் போய்விட்டதாக மதியம் கூப்பிட்டுச் சொன்னார். அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது, வசந்தத்தில் கல்லறைக்குப் போய் நானும் பார்த்தேன், அம்மாவும் பிள்ளையும் ஒரே கல்லில் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வனஜா அக்கா இன்றைக்கும் நம்பவில்லை. "உன்ர அம்மா கெட்டிக்காரி, தானே பார்த்து அடுக்கிப்போட்டு உன்னோட பகிடி விடுறா" என்கிறார். இருக்கலாம். அம்மாவிடம் மறுபடி கேட்டால், "எத்தினி தபா சொல்றது" என்று எரிந்து விழுகிறாள்.

நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அன்று ஹலீனா போன பிறகு, கட்டைப் புது வெள்ளை நாடாவால் கட்டி, அன்று காலை உறை பிரித்த புத்தம்புது மடிப்பட்டையில், காகிதங்களை உள்ளே வைத்து மடித்து மூடும் கெட்டி அட்டையில், வைத்து மூடினேன். மூடியபோதுதான் பார்த்தேன், அதன் ஓரத்தில், தூக்கிப் பிடித்தால் விரல் படும் இடத்தில், ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம். பேனாவே நுழையாத அறை. என் கையில் கையுறை. ஹலீனா அந்த மடிப்பட்டையைத் தொடவே இல்லை.

முகாம் அட்டை அதே பெட்டியில்தான் இருக்கிறது, அதிலுள்ள ரேகை தெளிவானது. பூதக்கண்ணாடி என் மேஜை இழுப்பறையில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு நிமிடம் போதும், அதற்குத்தான் நான் படிக்கிறேன். பட்டியலில் 'மடிப்பட்டையில் மைக்கறை' என்று பென்சிலால் எழுதிவிட்டு, பெட்டியை அலமாரியில் வைத்தேன். இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை.