டூடுலூவின் கண்ணாடி அறை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு டூடுலூ என்று பெயர். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் "டூடுலூ!" என்று கூவிவிட்டுப் படியிறங்குவார். நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொன்ன வார்த்தை. அங்கே அதைச் சொன்னவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் அதற்குச் சோறூட்டி வளர்த்துக்கொண்டிருந்தார், எங்களைக் கடிப்பதற்காக.

அவருடைய அப்பா, இந்தக் கையுறைக் கம்பெனியை முன்பு நடத்திய துரைக்குக் கார் ஓட்டியவர். பங்களாவின் பின்னால் டிரைவர் அறையில் வளர்ந்த பையன், கிழட்டுத் துரையின் வாயிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டான். துரை இங்கிலாந்துக்கே திரும்பிப் போகும்போது அவனை ஆபீசில் உட்கார வைத்துவிட்டுப் போனார். டூடுலூ பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் அப்பாவும் படிக்காதவர்தான். ஆனால் என் அப்பா யாரையும் மட்டம் தட்டியதில்லை.

டூடுலூவின் ராஜ்ஜியம் நாலு மணி டீக்குத்தான் தொடங்கும். ஒரு வார்த்தையை வீசுவார். அர்த்தம் தெரியாதவர்கள் நின்றுகொண்டே டீ குடிக்க வேண்டும். யார் வைத்த சட்டமோ, கணக்குப் பார்க்கும் அக்காகூட முட்டி வலியோடு நிற்பார்.

"பாப்பிகாக்னா என்னப்பா, பட்டதாரி?"

"தெரியல சார்."

"உளறல்னு அர்த்தம். நீ இப்ப நிக்கிறியே, அதுக்குப் பேரு காலேஜு." சிரிப்பார். மற்றவர்களும் சிரித்துத் தொலைப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு. கையில் டீயோடு, சண்டையில் தோற்ற கிடா மாதிரி நின்றேன்.

வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசும் கண்ணாடி அறை அவர் பிடியில் இருந்தது. என்னை எடுத்ததே அந்த அறைக்குத்தான். ஆனால், "பையன் வாயத் தெறந்தா மண்வாசனை அடிக்குது. அடுத்த மாசம் குடோனுக்கு அனுப்பிடலாம், பெட்டி ஒட்டட்டும்" என்று மேனேஜரிடம் போட்டுக்கொடுத்திருந்தார். மேனேஜரும் பாதி தலையாட்டியிருந்தார்.

அந்த வாரம் எங்கள் சரக்கு ஏறிய கப்பல் தாமதமானது. சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். டூடுலூ போனின் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார், நான் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று.

கப்பல் கிளம்பியதா என்று கேட்டாள்.

"எவ்ரிதிங் இஸ் டிக்கெட்டி-பூ, மை டியர் ஓல்ட் திங்!" என்றார். எல்லாம் கச்சிதமாக இருக்கிறது, அன்பே, என்று துரை காலத்துக் கொஞ்சல்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஆங்கிலேயப் பெண்ணே அல்ல. அவள் நாட்டிலும் ஆங்கிலத்தை எங்களைப் போலப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். மறுபடி கேட்டாள். இவர் மறுபடி டிக்கெட்டி-பூ என்றார், இந்த முறை சத்தமாக. மூன்றாவது முறை அவள் குரல் உடைந்தது: கிளம்பியதா, இல்லையா? இன்றைக்குள் பதில் இல்லையென்றால் ஆர்டரை ரத்து செய்யச் சொல்கிறார்கள் அவள் மேலதிகாரிகள்.

சத்தம் கேட்டு மேனேஜர் வாசலில் வந்து நின்றார். நான் குனிந்து ஒலிவாங்கியில் சொன்னேன்: கப்பல் இன்னும் கிளம்பவில்லை. வியாழக்கிழமை கிளம்பும். தாமதத்துக்கு மன்னிக்கவும். பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும் ஆங்கிலம். அவள் மூச்சு விட்டது இங்கே கேட்டது. நன்றி என்றாள். ஆர்டர் பிழைத்தது.

"நாளையிலேருந்து போனை இவன் எடுக்கட்டும்" என்றார் மேனேஜர். அவ்வளவுதான். போய்விட்டார்.

டூடுலூ நாற்காலியில் கிடந்த தன் திண்டை எடுத்தார். பிளாஸ்கை எடுத்தார். கணக்கு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"அந்த வார்த்தைங்க இல்லன்னா டிரைவர் மகன எவன்டா உள்ள விட்டிருப்பான்?" என்றார். கேலி இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அதே வார்த்தைய வச்சுத்தான சார் எங்கள வெளிய நிறுத்துனீங்க?"

நான் பார்வையை விலக்கவில்லை. இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வராததற்காக வருத்தமும் இல்லை.

கதவுவரை போனவர் திரும்பினார்.

"டிக்கெட்டி-பூவுக்கு இப்ப என்னதான் சொல்றாங்க?"

"ஓகே, சார்."

"ஓகேயா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்காடா உங்கப்பன் உன்ன காலேஜுக்கு அனுப்புனான்?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.